ஹல்வா டப்பா கேமரா

மெமரி சிப்பின் தகர மூடியை நான் பிளேடால் நெம்பிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மித்ஹத் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"போன்ல மூணு கேமரா இருக்கு. இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு எதுக்கு இப்பக் கண்ணு?"

"உங்க வேலையப் பாத்துட்டுப் போங்க."

கை கொஞ்சம் நடுங்கினாலும் போச்சு, உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகள் அறுந்துவிடும். முதலில் எடுத்த சிப் அப்படித்தான் பாழாயிற்று. மூடி மட்டும் ஒழுங்காகக் கழன்றுவிட்டால் சிப்புக்குப் பார்வை வந்துவிடும். அதன் அறைகள் எல்லாவற்றிலும் மின்சாரத்தை நிரப்பிவிட்டு வெளிச்சத்தைக் காட்ட வேண்டும். வெளிச்சம் பட்ட அறை சீக்கிரம் காலியாகும், அது வெள்ளை. காலியாகாதது கறுப்பு. சாம்பல் என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்னால் ஒரு வில்லை, சுற்றிலும் ஒரு ஹல்வா டப்பா, அவ்வளவுதான் கேமரா.

எல்லாம் என் தம்பி நஷாத்துக்காக. ஹம்பர்க்கில் இருக்கிறான். ஒரு வருஷமாக அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டால் எடுக்கமாட்டான். போட்டோ அனுப்புடா என்றால், "அதே மூக்குதான்க்கா, எங்கயும் ஓடிப்போகல" என்பான். அலெக்ஸாந்திரியாவுக்கு வரச் சொன்னால் வேலை என்பான். நடுவே குரல் கம்மும், தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கும்.

அவன் கலகலவென்று பேசுவது ஒரே ஒரு விஷயத்தில்தான், பழைய கம்ப்யூட்டர். சின்ன வயசில், குவைத்திலிருந்து அப்பா வாங்கி வந்த ஸக்ர் என்ற கம்ப்யூட்டருக்கு நாங்கள் இரண்டு பேரும் முட்டி மோதி அடித்துக்கொள்வோம். அது இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி ஒன்றை அவனும் அங்கே பழைய சாமான் சந்தையில் பிடித்து வைத்திருக்கிறான். இந்த சிப் கேமராவைப் பற்றி அவன்தான் ஒருநாள் சொன்னான். "அந்தக் கேமராவுக்கு வேணும்னா நான் உக்காருறேன், போ" என்று சிரித்தான். அப்படியே பிடித்துக்கொண்டேன். ஆளுக்கொன்று செய்தோம்.

படத்தைச் சத்தமாக மாற்றிப் போனில் அனுப்புவது என்று ஏற்பாடு. அந்தக் காலத்தில் கேஸட்டில் புரோகிராம் பதிவோமே, அதே கீச்சுச் சத்தம். செல்போனில் அனுப்பினால் அது இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது, பெரிய புத்திசாலி. அதனால் வீட்டுப் போன்தான். ரிசீவரில் மைக்கை வைத்துக் கட்டிவிட்டேன். சத்தம் ஓடும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் படம் கெட்டுவிடும்.

முதலில் என் படம் போயிற்று. "அடியம்மா, கன்னம் இப்படி உப்பியிருக்கு! மாமா நல்லாத்தான் ஆக்கிப் போடுறாரு" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

பிறகு அவன் படம் வந்தது. கறுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் குழி. இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கு அழுகை முட்டியது. அப்புறம்தான் உச்சியைப் பார்த்தேன். அவனுக்குச் சீப்பு நுழையாத சுருட்டைமுடி, கன்னங்கரேலென்று இருக்கும். கறுப்பாக விழ வேண்டிய அந்த இடமும் வெள்ளையாகவே விழுந்திருந்தது.

அம்மாவுக்குக் கான்சர் வந்து மருந்து ஏற்றியபோது முதலில் போனது முடிதான். பாத்ரூமில் கொத்துக் கொத்தாக அள்ளியவள் நான்.

"நரைச்சுப்போச்சாடா?" என்றேன்.

"ஆமாக்கா. வயசாகுதில்ல."

நரைத்த தலையும் வெறுந்தலையும் இந்தப் படத்தில் ஒன்றுதான். ஆனால் டப்பாவைக் கொஞ்ச நேரமே திறந்து வைத்து எடுத்தால் பளபளப்பது மட்டும் வெள்ளையாகும். நரைமுடி கறுப்பில் போய்விடும், மண்டை போகாது. எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாதா என்ன?

"இன்னொண்ணு எடுடா. பாதி நேரம் மட்டும் திறந்து வச்சு."

மறுமுனையில் அவன் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"எதுக்குக்கா? அதான் பாத்துட்டியே."

"உன்ன எங்கடா பாத்தேன்? யாரோ ஒரு ஆம்பளையப் பாத்தேன். எனக்கு உன்னப் பாக்கணும் நஷாத்."

"பாத்தா அழுவ."

"அழமாட்டேன். அம்மா மேல சத்தியமா."

ரிசீவரைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. நாற்காலி இழுபட்டது. ரொம்ப நேரம் கழித்துக் கீச்சுச் சத்தம் தொடங்கியது.

ஹல்வா டப்பாவின் வில்லை எதையும் தலைகீழாகத்தான் போடும். அனுப்புவதற்கு முன் நாம்தான் திருப்பவேண்டும். இந்த முறை அவன் திருப்பவில்லை. அதனால் திரையின் மேல்பக்கத்திலிருந்து வரி வரியாக இறங்கியது அவன் மோவாய். அப்புறம் வாய். பல் பளிச்சென்று விழுந்திருந்தது. சிரித்தபடிதான் உட்கார்ந்திருக்கிறான், கழுதை. மூக்கு வந்தது, அதே மூக்கு. மூடிய கண்கள் வந்தன.

அவற்றுக்கு அப்பால் புருவம் வரவில்லை. நெற்றி வந்தது, வெள்ளையாக. மைக் என் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வரியும் நெற்றி. அதற்கடுத்த வரியும் நெற்றி. அதற்கும் அடுத்தது.