காயவைத்த ரப்பர் பை

சம்பத் சாரை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கனடாவில், மிசிசாகாவில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். எழுபத்துநான்கில் இருவரும் பங்கு சேர்ந்து, நாலு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினோம். ஓட்டும் லைசென்ஸ் இருவருக்கும் உண்டு. அதன் இறக்கைக்குள் பெட்ரோல் நிற்பது தகர டாங்கில் அல்ல, கனத்த ரப்பர் பையில். பெட்ரோல் நிறைந்திருக்கும்வரை ரப்பர் பதமாக இருக்கும். வெறுமனே காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். காலி செய்தே ஆகவேண்டுமென்றால் உட்புறம் முழுக்க எண்ணெய் பூச வேண்டும். இதை அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். பெண்பிள்ளை சொன்னால் காதில் ஏறினால்தானே!

பனிக்காலத்துக்கு விமானத்தைக் கொட்டகையில் விடும் பொறுப்பை அவர்தான் எடுத்துக்கொண்டார். விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மெட்ராஸ் போய்விட்டார்.

ஏப்ரலில் திரும்பி வந்தார். என்னோடு தங்கியிருந்த அப்பா மறுநாள் திருச்சிக்குக் கிளம்ப வேண்டும். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நயாகராவைப் பார்க்க வேண்டும். அவர் வந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஒரே ஆசைதான். அன்று காலை அப்பா கோட்டு, மப்ளர் சகிதம் கொட்டகையில் தயாராக நின்றார். வேடிக்கை பார்க்க சம்பத் சாரும் வந்திருந்தார்.

பெட்ரோல் நிரப்பினேன். இறக்கைக்கு அடியில் ஒழுக ஆரம்பித்தது. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால், ரப்பரில் வாய் ஓரமே வெடிப்பு.

"சார், காலி பண்ணிட்டா போனீங்க?"

"பின்னே? சுத்தமா வடிச்சு, மூடியத் திறந்து நல்லா காயவெச்சுட்டுத்தான் போனேன். ஊருக்குப் போறப்ப வீட்ல பாத்திரத்தக் கழுவிக் கவுத்துட்டுப் போறதில்லையா?"

"அது எவர்சில்வர் சார். இது ரப்பர்!"

"கொஞ்சமாத்தானே சொட்டுது. ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம். உங்களுக்குப் பயமா இருந்தா நான் ஓட்டறேன்."

பயமாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து, சொட்டும் இடத்தைக் காட்டினேன்.

"என் ஸ்கூட்டர்லகூடத்தான் சொட்டும்" என்றார் அப்பா. "பயமா இருக்காம்மா? அவர்தான் ஓட்டட்டுமே."

பெற்ற அப்பா சொன்னார். நான் சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"யாரும் ஓட்டப் போறதில்ல. வாங்கப்பா, வீட்டுக்குப் போகலாம்."

காரில் அப்பா மப்ளரைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். நடுவானில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும், ஒழுகிய பெட்ரோலில் பொறி பட்டால் என்ன ஆகும் என்று வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஏர்போர்ட்டில் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"விடும்மா. பயம் எல்லாருக்கும் வர்றதுதான். அடுத்த தடவை சம்பத்தே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு."