இறாலுக்கு ஒரு தட்டு

நீளமான தட்டு, நடுவில் ஒரு குழி. புதுச்சேரியில் உணவகம் தொடங்கப்போகும் இளமதி கேட்டிருந்தது அதுதான். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் சின்னப் பட்டறை நடத்தும் கனகா, மாதிரிக்கு ஒன்றை வார்த்துச் சுட்டுப் படம் அனுப்பிவிட்டுப் போனில் கேட்டாள்.

"குழியில என்னங்க வெப்பீங்க?"

"சாஸுங்க. இறால மசாலாவுல ஊறவெச்சு, குச்சியில கோத்து, நெருப்புல சுட்டு, நட்ஸ் சாஸோட குடுப்போம்."

கனகாவுக்கு இறால் என்றால் தொக்கு, மிஞ்சிப்போனால் வறுவல். அதைக் குச்சியில் கோத்துச் சுடுவார்கள் என்பதே புதிது. அதற்கு மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், சாஸ் வேறு. நட்ஸ் என்றதும் அவளுக்குத் தோன்றியது மல்லாட்டைதான். வேலை ஓடவில்லை. இனிக்குமா, உறைக்குமா, கெட்டியா, தண்ணியா என்று மனம் அதையே சுற்றியது.

பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து வந்த கணவன் இனியவனிடம் சொன்னாள்.

"தட்டு கேட்டாங்க, தட்ட குடு. அதுல என்ன வெச்சா நமக்கென்ன?" என்றான் அவன்.

"குழி எவ்ளோ ஆழம் வேணும்னு தெரிய வாணாமா?"

அது பாதி உண்மைதான். தின்றுபார்க்கும் ஆசைதான் மீதி.

பரங்கிப்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு வழியாக பஸ்ஸில் மீன் கொண்டுவரும் பாஞ்சாலையிடம் ஞாயிற்றுக்கிழமை பெரிய இறாலாகப் பார்த்து வாங்கினாள்.

"சுடவா?" பாஞ்சாலை தராசைக் கீழே வைத்தாள். "சுடறேன்னு எங்கிட்ட யாரும் வாங்கினதில்ல கனகா."

"வந்து பாக்குறீங்களாக்கா?"

"கூடை காலியாவட்டும், வரேன்."

கனகா வால் மட்டும் இருக்கும்படி இறாலை உரித்து, முதுகுக் குடலை எடுத்து, பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, துளி வெல்லம் போட்டுப் பிசறி ஊறவைத்தாள். மல்லாட்டையை வறுத்துத் தோல் புடைத்து, காய்ந்த மிளகாயும் புளியும் சேர்த்து அரைத்து, தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டாள். தளதளவென்று வந்தபோது விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். சட்னியும் இல்லை, குழம்பும் இல்லை. இன்னொரு முறை நக்கினாள்.

பாஞ்சாலை வந்ததும் கரி அடுப்பில் முதல் குச்சியை வைத்தார்கள். புது விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு அது. குழம்பில் வேகவிடுவது போலவே விட்டதில் ஈர்க்கு தீப்பிடித்துக்கொண்டது. இறால் சுருண்டு கறுத்தது.

"ரப்பராட்டம் இருக்குது," என்றாள் பாஞ்சாலை, மெல்ல முடியாமல் மென்றுகொண்டே. "சீக்கிரமே எடுத்துடு."

அடுத்த ஈர்க்குகளைத் தண்ணீரில் நனைத்துக் கோத்தார்கள். சிவந்து வளைந்ததுமே எடுத்தார்கள். வெளியே கரிவாசனையும் காரமும். உள்ளே கடல் இன்னும் ஈரமாக இருந்தது. மாதிரித் தட்டின் குழியில் ஊற்றிய மல்லாட்டைச் சாஸில் முக்கியபோது காரம் அடங்கி, பின்னாலேயே புளிப்பு எழுந்தது. பாஞ்சாலை அடுத்த குச்சிக்குக் கை நீட்டினாள்.

தட்டின் கோளாறும் அப்போதுதான் தெரிந்தது. குழி நடுவில் இருந்ததால் குச்சி விளிம்பில் இடித்தது. சாஸ் ஆறியதும் கெட்டிப்பட்டு, குறுகலான ஆழத்தில் ஒட்டிக்கொண்டது. கனகா குழியை ஓரத்துக்கு நகர்த்தி, அகலமாக்கி, ஆழத்தைக் குறைத்து இன்னொரு மாதிரித் தட்டு செய்தாள். மறுபடி இறால் சுட்டு, அதில் சாஸோடு வைத்துப் படம் அனுப்பினாள்.

இளமதி உடனே கூப்பிட்டாள். "ஏங்க, நாங்க செய்யறது முந்திரி சாஸுங்க. இது மல்லாட்டையா?"

கனகாவுக்கு வெட்கமாகிவிட்டது. "நட்ஸுன்னீங்களே, நான் இதுன்னு நெனச்சிட்டேன்."

"நான் சரியா சொல்லல. அது இருக்கட்டும், மல்லாட்டையில எப்படி இருக்குது?"

"வந்து தின்னு பாருங்க."

அடுத்த வாரமே இளமதி டப்பாவில் முந்திரி சாஸோடு வந்தாள். வெண்ணெய் போல வழவழப்பாக, லேசான இனிப்போடு இருந்தது அது. இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டார்கள். எது மேல் என்று தீரவில்லை. இனியவன் மல்லாட்டையின் பக்கம் நின்றான். நின்றுகொண்டே முந்திரியையும் காலிசெய்தான்.

"ரெண்டு குழியா போட்டுடுங்க," என்றாள் இளமதி. "ஒரு ஓரத்துல ஒண்ணு, இன்னொரு ஓரத்துல ஒண்ணு. உங்க சாஸு எப்படின்னு சொல்லிக் குடுத்துடுங்க."

தட்டுகள் பழுதில்லாமல் சூளையைவிட்டு வந்தன. திறப்பு நாளில் கனகா பாஞ்சாலையையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரி போனாள். எதிர் மேசையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் முன்னால் தட்டை வைத்தார்கள். எந்தக் குழியில் முதலில் முக்குவார் என்று இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் கரண்டி கேட்டு வாங்கி, இரண்டு சாஸையும் தட்டின் நடுவில் ஊற்றிக் குழைத்து, அதில் இறாலைப் புரட்டித் தின்றார்.

"இது நமக்குத் தோணலையே," என்றாள் பாஞ்சாலை.

கனகா தன் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு கரண்டி கேட்டாள்.