ஈரக் களிமண்ணில் மூன்று அடி

நாயாற்றிலிருந்து மடு மாதா கோயிலுக்கு நடக்கத் தொடங்கி அன்றைக்கு ஐந்தாவது நாள். தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஆவணித் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. போர்த் தடையால் பஸ் ஓட எண்ணெய் இல்லை. ஸ்ரனிஸ்லஸின் முதுகில் அரிசிமாவும் தேநீர்க் கேத்திலும் கட்டிய உரப்பை. நெஞ்சில், பழஞ்சேலையை ஏணைபோலக் கட்டி, பத்து மாதப் பிள்ளை நிதர்சனா. மனைவி நேசமலர் தண்ணீர்க் கானோடு பின்னால் வந்தாள்.

பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. உள்ளங்கை அளவுதான். பிழைத்தால் அதன் கால் முதன்முதல் மடுமாதாவின் மண்ணில்தான் படும் என்று நேசமலர் நேர்த்தி வைத்தாள். அதனால் பாயிலும் மடியிலும் தோளிலுமே அது வளர்ந்தது. இப்போது எழும்பி நிற்கத் துடித்து, வழி நெடுக அவன் வயிற்றில் உதைத்துக்கொண்டே வந்தது.

பாலம்பிட்டியில் ஒரு கடைக்காரர், வண்டில் பாதையை விடவேண்டாம் என்று சொல்லித்தான் விட்டார். ஸ்ரனிஸ்லஸ் கேட்கவில்லை. இருபது வருடம் கடலில் காற்றைப் பார்த்துக் கரை பிடித்த மீனவன். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடித்தால் மடு நேரே இருக்கிறது என்று குறுக்கே இறங்கினான். காட்டில் காற்று மரத்துக்கு மரம் திரும்பும் என்று அவனுக்குத் தெரியாது. மத்தியானம், பெயர் தெரியாத ஒரு தூர்ந்த குளத்தில் போய் நின்றார்கள்.

"வலையையும் கொண்டு வந்திருக்கலாம்," என்றாள் நேசமலர். பிறகு மருதமரத்தின் கீழ் சரிந்து கண்ணயர்ந்தாள்.

அவனும் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சாய்ந்தான். மேலே இலைகள் இரைந்தன, நாயாற்றுக் கடல் இரைவதுபோலவே. மரம் மெல்ல ஆடியது. அவன் வள்ளத்தில் போனான். முன்னே அணியத்தில் பிள்ளை சிரித்துக்கொண்டு இருந்தது. பிறகு நெஞ்சில் பாரம் இல்லை.

கண் திறந்தபோது நிதர்சனா தண்ணீர் ஓரத்தில், ஒரு வேரைப் பிடித்தபடி நின்றது. ஈர மண்ணில் மொய்த்திருந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் எழும்பி அதைச் சுற்றிப் பறந்தன. பிள்ளை வேரை விட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. கனவு இன்னும் முடியவில்லை என்று நினைத்தே அவன் கிடந்தான்.

பிறகு ஓடிப்போய்த் தூக்கினான். நேசமலர் அறியக்கூடாது என்று பிள்ளையின் கால்களைக் கழுவினான். களிமண்ணில் பதிந்திருந்த தடங்களை அழிக்கத் தன் காலை நீட்டினான். சின்னத் தடத்தில் ஐந்து விரலும் தெரிந்தன. நீட்டிய கால் அப்படியே நின்றது.

"எத்தினை அடி வைச்சவள்?"

நேசமலர் பின்னால் நின்றாள்.

"மூண்டு."

"விழேல்லையோ?"

"இல்லை."

அவள் தடத்தருகே குந்தினாள். பிழை தன்னுடையது, கோயில் வாசலிலிருந்து முழங்காலில் போகிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் கேத்தில் மூடியால் முதல் தடத்தைச் சுற்றி வெட்டி, அடை போலக் கிளப்பி எடுத்தாள். மடுவிலிருந்து எல்லோரும் மண் எடுத்து வருவார்கள். அங்கே மண் கொண்டுபோனவர்களை அவன் கேள்விப்பட்டதில்லை.

"மாதாவின்ரை மண்ணோடை இதைச் சேர்த்துவிடுவம். பிறகு இதும் அவவின்ரை மண்தானே," என்றாள்.

குளக்கட்டுக்கு அப்பால் வண்டில் தடம் தெரிந்தது. பிள்ளை, பை, தண்ணீர்க் கான் எல்லாம் இப்போது அவனிடம். அவள் களிமண்ணை இரண்டு கையிலும் ஏந்தி, தடம் வெடித்து உடையாமல் மெல்ல மெல்ல முன்னே நடந்தாள்.