பீங்கான் தீட்டு

“இதையும் போடு” என்று கோமளம் பொன்விளிம்புக் கோப்பையை நீட்ட, வேலைக்காரி மேகலா சாக்கை விரித்துப் பிடித்தபடி தயங்கினாள்.

“இன்னாமா, இதையுமா? புச்சு மாரி கீதே.”

“மண் பாத்திரத்துக்குத் தீட்டு போகாதுடி. வெளியிலதான் போடணும்.”

நீரஜாவின் புருஷன் ராமானுஜத்தைப் பெசன்ட் நகர் மயானத்துக்குக் கொண்டுபோய் ரெண்டு மணி நேரம் ஆகிறது. மகன் அனிருத்தும் மற்ற ஆண்களும் அங்கேதான் இருந்தார்கள். மயிலாப்பூர் ஃபிளாட்டை ரெண்டு தரம் கழுவியாகிவிட்டது. நீரஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷனின் அக்கா கோமளம் அழுது முடித்துவிட்டு, நேரே தம்பியின் கண்ணாடி அலமாரியில் கையை வைத்துவிட்டாள்.

தொலையட்டும் என்றுதான் நீரஜாவுக்கு முதலில் தோன்றியது. எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்ட அலுப்பு. விக்டோரியா ராணி காலத்து டீ செட்டாம்! ஏலக்கடை ஏலக்கடையாய் அலைந்து ஏழு செட் சேர்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாய்க் கழுவினது யார்? இவள்தான். போன வாரம்கூடக் கேட்டார், “நான் போனப்புறம் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவே, இல்ல?” அவள் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் இப்போது நெஞ்சை அறுத்தது.

சாக்குக்குள் ஏதோ ‘ணங்’ என்றது.

“அக்கா, அது வெறும் மண் இல்ல.”

“பின்ன?”

கல்யாணமான புதிதில் அவர் காதோடு சொன்ன விஷயம். அம்மாவுக்குத் தெரிந்தால் வாசப்படி ஏற்ற மாட்டாள் என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். முப்பத்துநாலு வருஷம் காப்பாற்றியாயிற்று. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“பாதி மாட்டெலும்பு. சுட்டு, சாம்பலாக்கி, மண்ணோட சேர்த்துப் பண்றது. அதான் அத்தனை வெள்ளை.”

கோமளம் உதறிய சாஸர் மேகலாவின் மடியில் விழுந்தது, நல்லவேளை.

“பெருமாளே! இதுல நான் காபி குடிச்சிருக்கேனேடி!”

“ரெண்டு தடவை.”

“சிரிப்பு வேறயா உனக்கு? மொதல்ல எடுத்துண்டு போகச் சொல்லு!”

“அவரோடது அக்கா. இங்கதான் இருக்கும்.”

இத்தனை வருஷத்தில் நாத்தனாரிடம் இப்படிப் பேசியதில்லை. கோமளம் மறுபடி தலைக்குக் குளிக்கப் போனாள். மேகலா சாக்கிலிருந்து ஒவ்வொன்றாய் வெளியே எடுத்து, “எலும்புன்னா யாரு நம்புவா இத்தை” என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒரு கோப்பையில் மட்டும் விளிம்பு உடைந்திருந்தது. நீரஜா அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. அனிருத்.

“அம்மா... அஸ்தியைக் குடுத்துட்டா. சின்னச் சட்டியில. ரொம்ப வெள்ளையா இருக்கும்மா.”

நீரஜா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“சூடா இருக்காடா?”

“இருக்கு.”

“துண்டைச் சுத்திக்கோ. அடியில ஒரு கை குடுத்துப் பிடிச்சுக்கோ. ஆட்டாம கொண்டு போ.”