நீலம் பட்ட மேப்பிள் மரங்கள்

வாடகை கொடுத்து இடம் பிடித்து அடி வாங்கிக்கொள்ளும் மனிதர்களை வெர்னா அதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் லெலண்ட் புட்னம் ஒரு சனிக்கிழமைக்கு அவளுடைய மேப்பிள் காட்டைக் கேட்டபோது, வாடகைக்காக இல்லாவிட்டாலும் வேடிக்கைக்காகச் சரி என்றாள்.

லெலண்ட் அந்த ஊரின் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். தட்டைப் பாதம் என்று ராணுவம் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. ஆனாலும் அந்தக் கோடையில் எல்லோரும் அவரைக் கமாண்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். கையில் பெயிண்ட் துப்பாக்கி. வெட்ட வேண்டிய மரத்துக்கும், மந்தையிலிருந்து பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூர நின்றே அடையாளம் வைப்பதற்காகச் செய்தது. அதை மனிதன் பக்கம் திருப்பினால் என்ன என்று போன வருஷம் இதே நியூ ஹாம்ப்ஷயரில் யாருக்கோ தோன்றிவிட்டது. இப்போது ஊருக்கு ஊர், எதிராளி கொடியைப் பிடுங்கி வரும் இந்த ஆட்டம்தான்.

"மாட்டைச் சுடுறதை வச்சு உங்களை நீங்களே சுட்டுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் வெர்னா.

"இது உயிர் பிழைக்கிற கலை, வெர்னா. ஆம்பளையோட ஆதி குணம் வெளிய வரும்."

"மாட்டுக்கும் வந்துச்சா?"

சனிக்கிழமை முழுவதும் அவள் மேப்பிள் சாற்றைப் பாகு காய்ச்சும் கொட்டகை ஜன்னலை விட்டு நகரவில்லை. பல் டாக்டர் வின்ஸ்லோ பெரணிச் செடிகளுக்குள் வயிற்றால் ஊர்ந்தார். பாங்க் மேனேஜர் மெரிக் அவரைத் தாண்டிப் பதுங்கிப் போனார். அப்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவளுக்கு விளங்காதது ஒன்றுதான். பெயிண்ட் குண்டு பட்டு நெஞ்சில் நீலம் வழிந்ததும் ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு சந்தோஷம் வந்ததே, அது எங்கிருந்து வந்தது? கடனைத் திருப்பிக் கட்டியவர்களிடம்கூட மெரிக் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மாலையில் பெயிண்டைத் துடைத்த டர்ப்பன்டைன் வாடையோடு உட்கார்ந்து அவித்த பீன்ஸ் சாப்பிட்டார்கள். தன் குண்டு ஒன்றுகூட வீணாகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கமாண்டர் அதை இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காட்டுக்குள் போன வெர்னா முதல் மரத்திலேயே நின்றுவிட்டாள். நோஞ்சான் மரங்களைக் கழித்துவிட்டால் நல்லவை தழைக்கும் என்று, வசந்தத்தில் ஒரு வன அலுவலரை வைத்து வெட்ட வேண்டியவற்றுக்கு அடையாளம் போட்டிருந்தாள். அவர் போட்டதும் இதே மாதிரித் துப்பாக்கியால், இதே நீலத்தில். இப்போது காடு முழுக்க நீலம். நல்ல மரம் எது, கழிவு எது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதரான அந்த அலுவலர் மேற்கே காட்டுத்தீ அணைக்கப் போயிருந்தார். வெட்டுகிற காண்டிராக்டர் ஓமர் லெவசேர் திங்கட்கிழமை காலையிலேயே ரம்பத்தோடு வந்து நின்றுவிட்டான்.

"பத்திரத்துல நீலம் பட்ட மரம் என்னுதுன்னு இருக்கு" என்றான்.

"பாதி சனிக்கிழமை ஆடினவங்க சுட்டது, ஓமர். அது போச்சுன்னா எனக்குப் பாகும் இல்லை, பொழப்பும் இல்லை."

"நீங்க சொன்னா எப்படி? பெரிய மரமெல்லாம் சுட்டதுன்னுவீங்க, எனக்குக் குச்சிதான் மிஞ்சும். சுட்டவன் வந்து சொல்லட்டும், விட்டுடறேன்."

வெர்னா போன் போட்டு எல்லோரையும் வரவழைத்தாள். ஆபீஸ் போகிற வழியில் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். எந்த மரம் யார் சுட்டது என்று கேட்டாள். ஆளுக்கு ஆள் டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"என் குண்டெல்லாம் ஆள் மேலதான் பட்டுது" என்றார் மெரிக். மற்றவர்களும் அப்படித்தான் என்றார்கள். பார்த்தால் மரங்கள் தாங்களே பூசிக்கொண்டது போலிருந்தது.

வெர்னா பல வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சீட்டில் பபிள்கம் ஒட்டியது யார் என்று கேட்டால் பதில் வராது. யார் ஒட்டியதைப் பார்த்தாய் என்று கேட்க வேண்டும்.

"சரி. உங்களைக் குறி வச்சுத் தவற விட்டது யாரு?"

உடனே எல்லா வாயும் திறந்துகொண்டது.

"இந்த மரத்துக்குப் பின்னாலதான் நான் இருந்தேன்" என்றார் வின்ஸ்லோ. "மெரிக் அங்கேருந்து மூணு தடவை சுட்டார். மூணும் மரத்துல."

"வெயில் கண்ணுல அடிச்சுதய்யா."

"மேகமா இருந்துது. நீங்க டாலரைத்தான் நேராப் பாப்பீங்க போல."

"உங்க லட்சணம்? அந்த மூணு மரமும் உங்க கைவரிசை. எனக்கு ஒரு துளி தெறிக்கலை."

இப்படியே ஒருவர் மானத்தை ஒருவர் வாங்க வாங்க, ஓமர் வெட்டாமல் விட வேண்டிய மரத்துக்கு மரம் துணி கட்டிக்கொண்டே வந்தான். யாரும் பக்கத்தில் ஒளியாத மரங்களை வன அலுவலர் கணக்கில், வெட்டுவதற்கு வைத்துக்கொண்டான். கடைசியாக ஓடைக் கரையில் ஒன்று நின்றது. தோப்பிலேயே பெரியது, ஒன்றே நாலு வாளி சாறு நிரப்பும். நெஞ்சு உயரத்தில் ஒரே ஒரு நீலம். அங்கே யாரும் ஒளிந்ததாகச் சொல்லவில்லை.

"அப்ப இது எனக்கு" என்று ஓமர் ரம்பத்தை முடுக்கினான்.

வெர்னா மரத்தைப் பார்க்கவில்லை. கமாண்டரைப் பார்த்தாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"நிறுத்துப்பா" என்றார் லெலண்ட். ரம்பம் அடங்கியது. "அது நான் சுட்டது."

"யாரைச் சுட்டீங்க?"

"மரத்தைத்தான். இருட்டா இருந்துது அந்தப் பக்கம். அசையாம நின்னுது. எதிராளின்னு நெனச்சேன்."

வின்ஸ்லோ மெதுவாகக் கேட்டார், "சரணடையச் சொல்லிப் பார்த்தீங்களா, கமாண்டர்?"

"ரெண்டு தடவை."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த மெரிக்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஓமர்தான் முதலில் உடைந்தான். ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தே சிரித்தான். பிறகு எழுந்து அந்த மரத்துக்கும் துணி கட்டினான்.

வெர்னா டர்ப்பன்டைன் டப்பாவையும் கந்தலையும் லெலண்டிடம் நீட்டினாள். டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தேய்க்க ஆரம்பித்தார். நீலம் போகப் போக, நெஞ்சில் குண்டு பட்டவர்களின் அந்தச் சந்தோஷம் அவர் முகத்திலும் வருவதை அவள் பார்த்தாள். இன்னும் அது என்னவென்று பிடிபடவில்லை.

"வர்ற சனிக்கிழமை வேற கலர் கொண்டாங்க" என்றாள். "எனக்கும் ஒரு துப்பாக்கி."