பலகைகளுக்கு நடுவே ஓர் ஆணி

திங்கட்கிழமைக்குள் வெண்டெல் பதில் சொல்லியாக வேண்டும். ஒஹாயோவில் அவன் விட்டுவந்த பழைய வேலை மறுபடி அவனைக் கூப்பிட்டிருந்தது. அவன் அமெரிக்காவுக்குத் திரும்பினால் மனைவி இங்குன்னும் போவாள். அவள் போனால் அவர்களுடைய நான்கு வயது மகள் மார்த்தேயும் போய்விடும். அஸ்லாக்குக்கு இங்குன் ஒரே மகள். அந்த வாரம் முழுக்க அஸ்லாக் இதைப்பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைக்குப் போனாள், தபால் எடுத்தாள், பேத்திக்குச் சட்டை பின்னினாள்.

மருமகன் தங்கமானவன். அவனுக்கு இந்த ஊர்தான் பிடிபடவில்லை.

"ஒஹாயோல நான் குடிவந்த அன்னிக்கே அஞ்சு வீட்லேர்ந்து கேக் கொண்டுவந்தாங்க, அஸ்லாக். இங்க ஒரு வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டு ஒட்வார் எங்கிட்ட மொத்தம் ஏழு வார்த்தை பேசியிருக்கார். நான் எண்ணி வச்சிருக்கேன்."

"ஏழா? அப்ப உன்னை அவருக்குப் பிடிச்சிருக்கு."

அவள் விளையாட்டாகச் சொன்னதாக அவன் நினைத்தான். அவள் நிஜமாகவே சொன்னாள். ஒட்வார் தன் நாற்பதாவது மணநாள் விருந்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்று, மனைவி குட்னியைப் பார்த்து "மோசமில்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த மனிதர். குட்னி அன்றைக்கு மகிழ்ச்சி தாங்காமல் அழுதாள்.

மே மாதத்து முதல் சனிக்கிழமை டுக்னாட். மலைகளுக்குள் நுழையும் ஃபியோர்டுக் கடலின் கரையில் படகு வைத்திருக்கும் பதினான்கு வீட்டுக்காரர்களும் கூடிப் படகுத்துறையைச் செப்பனிடும் நாள். அன்று மருத்துவர் ஐலிஃபும் மீன்பண்ணைத் தொழிலாளியும் ஒரே பலகையின் இரண்டு முனைகளைப் பிடிப்பார்கள். இந்த வருடம் உளுத்துப்போன பலகைகளைக் கழற்றிப் புதிது அடிக்க வேண்டும். புதுப்பலகைகள் வந்து தார்ப்பாய்க்கு அடியில் காத்திருந்தன.

புதன்கிழமை அஸ்லாக் தங்கையைப் பார்க்கப் பெர்கன் நகருக்குப் போனாள். சனிக்கிழமை காலை முதல் படகில் திரும்பும்போது, தூரத்திலேயே துறை மஞ்சளாக மின்னுவது தெரிந்தது. அவளுக்குப் பகீர் என்றது. புதுப்பலகை முழுவதும் அடித்து முடிந்திருந்தது. கரைப்பக்கத்து முனையில் தோரணம்போல் குட்டிக் கொடிகள் தொங்கின. நடுவில் ஒரு அட்டை. 'இந்தச் சனிக்கிழமை நன்றாகத் தூங்குங்கள்! அன்புடன், வெண்டெல்.'

மூன்று நாள் விடுப்புப் போட்டு, பொழுது சாயும்வரை தனியாகவே அடித்திருக்கிறான். சத்தம் கேட்டவர்களும் அவன் ஏதோ சொந்த வேலை பார்க்கிறான் என்று விட்டிருப்பார்கள்.

ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பழைய காற்சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, சுத்தியலோடு வந்தவர்கள், கரையில் நின்று துறையைப் பார்த்தார்கள். குட்னி ஒரு கையில் வாஃபிள் சுடும் கல்லும் மறுகையில் மாவு வாளியுமாக நின்றாள்.

"முடிஞ்சிருச்சு போல," என்றார் ஐலிஃப்.

"ஆமா," என்றாள் குட்னி.

"அப்ப சரி."

வெண்டெல் முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தான். "எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா?"

"புதுசா இருக்கு," என்றார் ஒட்வார்.

அஸ்லாக் துறைமேல் நடந்து பார்த்தாள். சாப்பாட்டு மேசைபோல் வழவழவென்று, பலகையோடு பலகை ஒட்டிக் கிடந்தது. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. விடியற்காலை பெய்த மழை போக வழியின்றி அங்கங்கே தேங்கி நின்றது. நனைந்து உப்பினால் இந்தப் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி முதுகைத் தூக்கிக்கொள்ளும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் முதல் பார்வையிலேயே அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் எல்லோரும் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இனி என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு வாரம் கழித்து, வெண்டெல் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, எல்லாவற்றையும் பிடுங்கிச் சரியாக அடிப்பார்கள். அவன் மனம் நோகக்கூடாதே என்று அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

குட்னி மாவு வாளியை மூடினாள். இரண்டு பேர் வீட்டுப்பக்கம் திரும்பிவிட்டார்கள்.

வெண்டெல் மாமியாரிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "கையெல்லாம் கொப்புளம், அஸ்லாக். நல்லாயிருக்குன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. திங்கட்கிழமை வரைக்கும் நான் எதுக்குக் காத்திருக்கணும்?"

அறுபத்தோரு வருடத்தில் அவள் நாலு பேர் நடுவே குரலை உயர்த்தியதே இல்லை. அதுவும் சொந்த வீட்டு ஆளிடம். பேசினால் அவமானப்பட்டுப் போய்விடுவான். பேசாவிட்டாலும் போகத்தான் போகிறான்.

"வெண்டெல், பலகைய தப்பா அடிச்சு வச்சிருக்க," என்றாள் எல்லோர் காதிலும் விழும்படி.

திரும்பியவர்கள் நின்றார்கள். ஐலிஃப் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்.

"அஸ்லாக், விடேன்," என்றாள் குட்னி.

"என்னத்த விடறது? நடுவுல இடமே விடலயே, தண்ணி எப்படிப் போகும்? அக்டோபர்ல இது எல்லாம் தூக்கிக்கிட்டு நிக்கும். ஒட்வாருக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். எல்லாரும் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி நிக்கறாங்க."

வெண்டெலின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. "எங்கப்பா வீட்டு வராண்டாவுல இப்படித்தான் அடிச்சிருக்கு."

"உங்கப்பா வராண்டாவுக்குக் கூரை இருக்கா?"

"இருக்கு."

"இதுக்கு?"

அவன் அண்ணாந்து பார்த்தான். மறுபடி தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"சொல்லித்தர, கேட்டுக்க, சண்டை போட, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் சனிக்கிழமைன்னு ஒண்ணு வச்சிருக்கு. நீ வெள்ளிக்கிழமையே முடிச்சிட்ட. எங்களுக்கு லீவு குடுத்திருக்க, நாங்க லீவு கேக்கல. குளிர்காலம் முழுக்க அவங்கவங்க வீட்டுல கிடந்துட்டு, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதே இன்னிக்குத்தான்."

"உதவியா இருக்கட்டும்னு செஞ்சேன்."

"தெரியும்ப்பா. அது எனக்குத் தெரியாதா?" அவள் குரல் இறங்கியது. "போன குளிர்காலத்துல, தினம் நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி உன் வாசல்ல பனிய வழிச்சுப் போட்டது யாருன்னு நெனச்ச?"

"நகராட்சி."

ஐலிஃப் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்.

"அந்த நகராட்சிக்கு எழுபத்தி மூணு வயசு," என்றாள் குட்னி. "முட்டி வலி வேற. ராத்திரியெல்லாம் நான்தான் தைலம் தேய்ச்சேன்."

வெண்டெல் ஒட்வாரைப் பார்த்தான். அவர் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல் தண்ணீர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எதுக்கு?" என்றார் ஒட்வார்.

வெண்டெல் தன் கொப்புளம் விட்ட கைகளைப் பார்த்தான். பிறகு கரையை நோக்கி நடந்தான். அங்கிருந்து மேடேறினால் அவன் வீடு. அவ்வளவுதான், கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள் அஸ்லாக். பேசாமல் இருந்திருந்தால் மனக்குறையோடு போயிருப்பான், இப்போது அவமானத்தோடு போகப் போகிறான்.

அவன் மேடேறவில்லை. அட்டையை அவிழ்த்தான். கொடிகளைச் சுருட்டிப் பையில் திணித்தான். கருவிகள் குவிந்து கிடந்த இடத்தில் குனிந்து, நீளமான கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொண்டு ஒட்வாரிடம் வந்தான்.

"எந்தப் பக்கத்துலேர்ந்து பிடுங்கணும்?"

ஒட்வார் சட்டைப்பையைத் துழாவி ஒரு தடித்த ஆணியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"கடைசிலேர்ந்து. அப்புறம் இத நடுவுல வச்சு அடுத்த பலகைய நெருக்கு. அடி. ஆணிய உருவு. அடுத்ததுக்கு வை."

ஒரு வருடத்து ஏழு வார்த்தைக் கணக்கை அந்த மனிதர் ஒரே மூச்சில் தாண்டிவிட்டார். வெண்டெல் அன்றைக்கு எண்ணவில்லை, எண்ண நேரமும் இல்லை.

குட்னி மாவு வாளியைத் திறந்தாள். பதினான்கு வீட்டு ஆட்களும் பலகைமேல் மண்டியிட்டார்கள். "இவ்வளவு ஆணியா? புயலுக்குப் பயந்தியா?" என்று ஐலிஃப் திட்டிக்கொண்டே பிடுங்கினார். "நான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டேன் டாக்டர்," என்றான் வெண்டெல். மீன்பண்ணைக்காரன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கடப்பாரை தண்ணீரில் விழுந்தது. அதை எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று.

இரண்டு மணிக்கு வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் காப்பியும் வந்தன. வெண்டெல் எழுதிய அட்டையைத் திருப்பிப்போட்டு அதன்மேல் பரிமாறினாள் குட்னி. கடைசி வாஃபிள் வழக்கம்போல், அடுத்தவருக்கு இருக்கட்டும் என்று, எடுக்க ஆளில்லாமல் கிடந்தது. வெண்டெல் அதை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பாதியை ஒட்வாரிடம் நீட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். ஒட்வார் வாங்கித் தின்றார்.

பிறகு அவர் எழுந்து, வெண்டெல் திருப்பி அடித்த பலகைகள்மேல் முனைவரை நடந்துபோய், குதிகாலால் தட்டிப் பார்த்துத் திரும்பினார்.

"மோசமில்ல."

குட்னி சட்டென்று வாஃபிள் கல்லைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள்.

"திட்டறாரா?" என்று அஸ்லாக்கின் காதருகே கேட்டான் வெண்டெல்.

"நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு அப்புறம்தான் குட்னிக்கே அது கிடைச்சுது. பேசாம வாங்கிக்க."

வேலை பாதிதான் முடிந்திருந்தது. மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார் ஐலிஃப். ஒட்வார் தன் சுத்தியலைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அந்த ஆணிய நீயே வச்சுக்க. அடுத்த வாரம் மறக்காம கொண்டு வா," என்றார்.

மேடேறும்போது அஸ்லாக்கால் அடக்க முடியவில்லை. "நடுவுல ஒரு திங்கட்கிழமை வருதே," என்றாள்.

வெண்டெல் சட்டைப்பையிலிருந்த ஆணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"வரட்டும். எனக்குச் சனிக்கிழமை இங்க வேலை இருக்குன்னு சொல்லிடறேன்."