எல்லா உறையிலும் ஒரே தேதி

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. கற்பனை செய்கிற அளவுக்கு எனக்குத் தேர்தல் சட்டம் தெரியாது. என் அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார். நான் ஒரு துண்டைக்கூட மடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும், "தம்பி, நீங்கதான் கதை எழுதுறவராச்சே, இதுக்கு ஒரு முடிவு எழுதிக் குடுங்க" என்றார். நான் எழுதியதில் ஒரு வரிகூட இதுவரை படிக்காதவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "ஜனநாயகம் என்பது ஒரு—"

(வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே முழுசாகப் படித்ததில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "எண்ணும் மண்டபத்தில் மின்விசிறிகள் தளர்ந்து சுழன்றன. ஜன்னலில் ஒரு காகம்—"

(அண்ணி: "அங்க ஏசி தம்பி. ஜன்னலே கிடையாது. காக்கா எங்கேருந்து வந்துச்சு?")

சரி, அலங்காரம் போதும். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

வேட்பாளர்கள் இரண்டு பேர். ஒருவர் சுவரொட்டியில் சிரிப்பார், இன்னொருவர் முறைப்பார். கொள்கை வேறுபாடு அவ்வளவுதான். முதலில் எண்ணியபோது சிரிப்பு பதினோரு ஓட்டு முன்னால். மறுபடி எண்ணியபோது முறைப்பு நாலு ஓட்டு முன்னால். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எண்ணியவர்களுக்கே தெரியாது.

மிச்சம் இருந்தது ஒரு நீல ட்ரே. அதில் நாற்பது தபால் ஓட்டு. தேர்தல் வேலைக்கு வெளியூர் போகிற அரசு ஊழியர்கள் போட்டவை. ஓட்டுச்சீட்டு, ஒட்டி மூடிய உறைக்குள் இருக்கும். கூடவே, 'இது நான் போட்ட ஓட்டுதான்' என்று கையெழுத்தும் தேதியும் போட்ட உறுதிமொழித் தாள் வெளியே இருக்கும். தாளில் பிசகு இருந்தால் உறையைத் திறக்கக் கூடாது.

நாற்பது தாளிலும் ஒரே தேதி. அதுவும் ஓட்டுச்சீட்டு அச்சாவதற்கு முந்தின மாதத்துத் தேதி!

முதல் எண்ணிக்கை முடிந்ததும் சிரிப்பின் ஏஜென்ட் மேசையைத் தட்டினார். "சட்டம் சட்டம்தான் சார். ஒண்ணைக்கூடத் திறக்கக் கூடாது." முறைப்பின் ஏஜென்ட் நெஞ்சைத் தட்டினார். "உள்ள இருக்கிறது மக்கள் தீர்ப்பு சார். தேதியா பெருசு?" மறு எண்ணிக்கை முடிந்ததும் முறைப்பின் ஏஜென்ட் மேசையைத் தட்டினார், சிரிப்பின் ஏஜென்ட் நெஞ்சைத் தட்டினார். வசனத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை. வெட்கம் என்று ஒன்று இருப்பதாக இரண்டு பேருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

3

இப்போது அண்ணி. அந்த ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தது அவர்தான். போன தேர்தலில் அவரவர் சொந்தமாக யோசித்துப் படிவத்தை நாசம் பண்ணியிருந்தார்கள். ஒரு மகானுபாவர் கையெழுத்துக்குப் பதிலாக 'நன்றி' என்று எழுதியிருந்தார். அதனால் இந்த முறை அண்ணி பூர்த்தி செய்த மாதிரிப் படிவம் ஒன்றைத் திரையில் போட்டார். "இதுல இருக்கிறதைப் பார்த்து அப்படியே எழுதுங்க. மூளையை வீட்டுல வச்சுட்டு வாங்க."

மாதிரிப் படிவம் ஒரு மாதத்துக்கு முந்தைய ஒத்திகைக்காகத் தயாரித்தது. தேதியை மாற்ற அண்ணி மறந்துவிட்டார். அரசு ஊழியர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். ஓட்டு போச்சு. பின்வரிசையில் தூங்கியவர்களின் ஓட்டெல்லாம் செல்லும்.

எண்ணும் மண்டபத்தில் பெரிய அதிகாரி நாற்பது தாளையும் விரித்துப் போட்டு, அண்ணி உட்பட அங்கே வேலையில் இருந்த எல்லோரையும் கேட்டார். "இத்தனை பேருக்கும் இதே தேதி எப்படித் தோணுச்சு? யாருக்காவது தெரியுமா?"

அண்ணி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தெரியாதுன்னு நான் சொல்லல தம்பி. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்."

உறைகளைத் திறக்கவில்லை. முறைப்பு ஜெயித்தார், வெற்றி ஊர்வலத்திலும் முறைத்தார். சிரிப்பு சிரித்துக்கொண்டே கோர்ட்டுக்குப் போனார். நாற்பது பேருக்கும் கவனக்குறைவு என்று மெமோ வந்தது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அண்ணி என்கிற இந்தப் பாத்திரம் நம்பும்படியாக இல்லை. குழம்பில் உப்பு கூடினால் நாம் வாயில் வைக்கும் முன்பே ஒப்புக்கொள்பவர் அவர். அவரா இப்படி?

(நாற்பது பேரில் ஒருவருக்குமா மாதிரிப் படிவம் ஞாபகமில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மெமோ வந்தா பயம்தான் வரும் தம்பி, ஞாபகம் வராது. படிவம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அழிச்சுட்டேன்." கடைசிச் சொல்லைத் துணியைப் பார்த்துச் சொன்னார்.)

மெமோ வாங்கியவர்களில் ஒருத்தி தட்டச்சர். அலுவலகத்தில் அண்ணிக்குப் பக்கத்து மேசை. "நீங்க சொன்ன மாதிரிதானே மேடம் எழுதினேன்? என் புத்தி எங்க போச்சுன்னே தெரியல" என்று அழுதிருக்கிறாள். அண்ணி அவள் கண்ணைத் துடைத்து, மெமோவுக்குப் பதிலும் சொல்லச் சொல்ல எழுதவைத்திருக்கிறார்: 'என் கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்.'

"அவளுக்குப் பதவி உயர்வு நின்னுபோச்சு தம்பி" என்றார் அண்ணி. "எனக்குத் தினமும் காபி வாங்கிட்டு வந்து குடுக்குறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணன் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறார். சம்பளம் என்று வீட்டுக்குள் வருவது அண்ணியுடையது மட்டும்தான். உண்மையைச் சொன்னால் அதுவும் போகும். கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

5

முடிவு அ: கோர்ட்டில் அண்ணி எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. ("கோர்ட்டுல கைதட்டினா வெளிய தள்ளிடுவாங்க.")

முடிவு ஆ: சொல்கிறார். வேலை போகிறது. மனப்பாரம் இறங்கி மழையில் நனைந்தபடி நடக்கிறார். ("சளி புடிக்கும். அடுத்த மாசம் வாடகையை மழையா குடுக்கும்?")

முடிவு இ: சொல்கிறார். உறைகளைத் திறக்கிறார்கள். ஆளுக்கு இருபது ஓட்டு. யார் தலையெழுத்தும் மாறவில்லை. ("அப்ப எதுக்கு நான் வாயைத் திறந்தேன்?")

மூன்றையும் படித்துவிட்டு அண்ணி கேட்டார். "எல்லாத்துலயும் நான் சொல்லிடுறேனே தம்பி. சொல்லாத மாதிரி ஒண்ணு எழுதுங்க. செவ்வாய்க்கிழமைக்குள்ள வேணும்."

"செவ்வாய்க்கிழமை என்ன அண்ணி?"

"கோர்ட்டுல சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

மடையன் நான். எனக்கு ஒரு வாசகி கிடைத்துவிட்டதாக நினைத்துப் பூரித்துப்போயிருந்தேன்.

6

முடிவு ஈ: "அந்தத் தேதி எப்படி வந்தது?" என்று நீதிபதி கேட்டார். "தெரியாதுங்க ஐயா" என்றார் அண்ணி. வீட்டுக்கு வந்தார். எல்லோரும் நன்றாக—

(இதற்குமேல் பேனா ஓடவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.)

அண்ணி இரண்டு தடவை படித்தார்.

"இதுல அவ எங்க உட்கார்ந்திருக்கா?"

"யாரு அண்ணி?"

"தட்டச்சர். அவளும் சாட்சிதான். எனக்குப் பக்கத்து நாற்காலி." தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "அவளையும் உட்கார வச்சு எழுதுங்க, பார்ப்போம்."

உட்காரவைத்தேன். நல்ல புடவை கட்டி வந்திருக்கிறாள். நீதிபதி அண்ணியிடம் கேள்வியைக் கேட்டாயிற்று. தட்டச்சர் அண்ணி பக்கம் சாய்ந்து காதருகே சொல்கிறாள்:

"நீங்க பக்கத்துல இருக்கீங்கன்னுதான் மேடம் எனக்குத் தைரியமே. சொல்லுங்க."

இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டேன். இன்றைக்குத் திங்கட்கிழமை. அடுத்த அறையில் அண்ணி நாளைக்குக் கட்டவேண்டிய புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த வரி என்னவென்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், என்னிடம் சொல்லாதீர்கள். கதவைத் தட்டி அவரிடமே சொல்லுங்கள்.